பற்றரியின் பிளஸ், மைனஸ், பொடி எர்த்: கோளாறு தேடத் தொடங்கும் இடம்

சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும், லைட்டும் மங்குகிறது. உடனே புதுப் பற்றரி வாங்க ஓட வேண்டாம். கல்லடி, காத்தான்குடி, கல்முனை என்று கடலோரமாக ஓடுகிற வாகனங்களில் பற்றரிக்கு முன்பே மைனஸ் வயர் பூட்டிய நட்டு உவர்க்காற்றில் துருவேறிவிடும். வயல் சேற்றில் இறங்குகிற லாண்ட்மாஸ்டர் (இரு சக்கரக் கை டிராக்டர்), டிராக்டர் கதையும் இதுதான்.

பிளஸ்ஸிலிருந்து கிளம்பும் மின்னோட்டம் மைனஸுக்குத் திரும்பியாக வேண்டும். அதற்குத் தனி வயர் இழுக்காமல் வாகனத்தின் இரும்பு உடம்பையே, அதாவது பொடியையே, வழியாக்கியிருக்கிறார்கள். எர்த் என்பது அவ்வளவுதான், நிலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. என்ஜின் ரப்பர் மவுண்டிங்கில் இருப்பதால் அதையும் பொடியையும் இணைக்க ஒரு செப்புப் பின்னல் பட்டியோ தடித்த வயரோ இருக்கும். என்ஜினை இறக்கி ஏற்றியவர் அதைப் பூட்ட மறந்தால், ஸ்டார்ட்டர் மின்னோட்டம் கிளச் கேபிள், அக்சலரேற்றர் கேபிள் வழியே திரும்பப் பார்க்கும். கேபிள் சூடேறி உறை உருகினால் சந்தேகப்பட வேண்டியது இந்தப் பட்டியை. ஒரு பக்கச் சிக்னலைப் போட்டால் பின்னால் வேறு பல்பும் சேர்ந்து மினுங்குவதும் எர்த் கோளாறுதான், அந்த லைட் கூட்டின் எர்த்தைப் பாருங்கள்.

துரு கொஞ்சம்தானே என்று விட்டுவிட முடியாது. கார் ஸ்டார்ட்டர் 150 அம்பியர் இழுக்கும்போது இணைப்பில் 0.01 ஓம் தடை இருந்தால் 1.5 வோல்ற்று அங்கேயே போய்விடும். பார்க்லைட் மட்டும் எரியும்போது அதே இணைப்பு நல்ல பிள்ளை மாதிரி இருக்கும். அதனால் சுமை ஏற்றித்தான் அளக்க வேண்டும்.

முதலில் வாகனம் சில மணி நேரம் நின்றபின் பற்றரியை வோல்ற்று மீற்றரால் அளந்து பாருங்கள். 12.6 வோல்ற்று என்றால் நிறைவு, 12.2 ஏறக்குறைய பாதி, 12க்குக் கீழே என்றால் சார்ஜ் ஏற்றாமல் மேலே போவதில் பயனில்லை. பிறகு மீற்றரின் கறுப்பு வயரைப் பற்றரியின் மைனஸ் கட்டையில் (மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஈய முனையில்) வையுங்கள், அதைக் கவ்வும் கிளாம்பில் அல்ல. சிவப்பை என்ஜினின் வெறும் இரும்பில் அழுத்திப் பிடித்து, இன்னொருவரை மூன்று நான்கு செக்கன் ஸ்டார்ட் அடிக்கச் சொல்லுங்கள். பெற்றோல் பம்ப் பியூஸைக் கழற்றி வைத்தால் என்ஜின் பிடிக்காது, அளவும் நின்று கிடைக்கும். 0.2, 0.3 வோல்ற்று வந்தால் குறையில்லை; 0.5ஐத் தாண்டினால் எர்த் பக்கம் பழுது. சிவப்பைக் கிளாம்ப், வயர் நுனி, பொடி நட்டு என்று நகர்த்தினால் எண் எங்கே குதிக்கிறதோ அங்கேதான் துரு. பொடியைச் சோதிக்க ஹெட்லைட்டைப் போட்டு அளந்தால் போதும், 0.1ஐத் தாண்டக் கூடாது.

கழற்றும்போது எர்த் வயர்தான் முதலில், பூட்டும்போது அதுதான் கடைசியில். பிளஸ்ஸை முதலில் கழற்றப் போனால் ஸ்பனர் பொடியில் பட்ட கணமே நேர் ஷோர்ட். மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றி வையுங்கள். பச்சை வெள்ளைக் களிம்பை அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் கழுவுங்கள், ஒரு சொட்டும் பற்றரிக்குள் போகக் கூடாது. பொடியில் பூட்டும் இடத்தைப் பெயின்ட் போய் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை சாண்ட் பேப்பரால் தேயுங்கள். இறுக்கியபின் மேலே வாசலின் பூசுங்கள்.

புதுப் பற்றரி வாங்கும்போது ஜப்பான் இலக்கத்தின் கடைசி எழுத்தைக் கவனியுங்கள். 46 பி 24 எல் என்றால், கட்டைகள் உங்கள் பக்கம் இருக்கும்படி வைத்தால் மைனஸ் இடப்பக்கம். ஆர் என்றால் வலப்பக்கம். மாறினால் வயர் எட்டாது, இழுத்துப் பூட்டுகிறவர் கடைசியில் பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றியே பூட்டிவிடுவார். அடையாளம் அழிந்த பற்றரியில் தடித்த கட்டை பிளஸ். நம்பிக்கை வராவிட்டால் மீற்றரை வையுங்கள், எண்ணுக்கு முன் கழித்தல் குறி வந்தால் சிவப்பு வயர் மைனஸில் இருக்கிறது.

பழைய மொரிஸ் மைனர் போன்ற பிரித்தானிய வண்டிகளில் பிளஸ்தான் பொடிக்குப் போகும். அதில் இப்போதைய ரேடியோவை வழக்கம்போலப் பூட்டினால் எரிந்துபோகும். எந்தக் கட்டையிலிருந்து வரும் வயர் பொடியில் பூட்டியிருக்கிறது என்று கண்ணால் பார்த்த பின்பே கை வையுங்கள்.

படுத்த வண்டியை வேறொரு வண்டியின் பற்றரியால் ஸ்டார்ட் பண்ண ஜம்ப் கொடுக்கும்போது, இரண்டும் மைனஸ் எர்த் வண்டிகள் என்றால், பிளஸ்ஸோடு பிளஸ். கறுப்பு வயரின் ஒரு நுனி நல்ல பற்றரியின் மைனஸில், மறு நுனி படுத்த வண்டியின் என்ஜின் இரும்பில், பற்றரியிலிருந்து தள்ளி. கடைசி இணைப்பில் பொறி பறக்கும், பற்றரியிலிருந்து வரும் ஐதரசன் வாயு அதில் வெடிக்கலாம். மாறிக் கொடுத்தால் மெயின் பியூஸ் போகும், பெரும்பாலும் பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஒல்டனேற்றரின் டயோட்டும் கூடவே போகும். 24 வோல்ற்று லொறியிலிருந்து 12 வோல்ற்று வண்டிக்கு ஜம்ப் எடுக்கவே கூடாது.