பழைய டூரிங் சைக்கிளுக்கு டயர் வாங்கப் போகிறீர்களா? அளவில் இந்தத் தவறுகள் வேண்டாம்

பழைய டூரிங் சைக்கிளைத் தூசி தட்டி எடுத்தவுடன் பலரும் செய்வது, டேப்பைச் சக்கரத்தின் குறுக்கே பிடித்து ‘27 இன்ச்’ என்று முடிவு கட்டுவதுதான். அதை மட்டும் செய்யாதீர்கள். டயர் பெயரில் வரும் 26, 27, 28 எல்லாம் காற்றடித்த டயரின் வெளிவிட்டத்தை உத்தேசமாகச் சொல்ல அந்தக் காலத்தில் போட்ட எண்கள். டயர் ரிம்மில் உட்காருமா என்பதை முடிவு செய்வது, டயரின் ஓரக் கம்பி போய் அமரும் இடத்தின் விட்டம். டயரின் பக்கவாட்டில் 32-630 என்று இருந்தால் 32 டயரின் அகலம், 630 அந்த விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். இதைத்தான் ஈடிஆர்டிஓ (ஐரோப்பிய டயர்-ரிம் தொழில்நுட்ப அமைப்பு) அளவு என்கிறார்கள். மற்றதெல்லாம் பட்டப்பெயர் மாதிரி.

அந்தப் பட்டப்பெயர்கள் எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்று பாருங்கள். 27 இன்ச் ரிம்மின் அளவு 630. ‘29 இன்ச்’ என்று விற்கும் மவுண்டன் பைக் ரிம் 622, அதாவது 27ஐவிடச் சிறியது! 27.5 இன்னும் சிறியது, 584. 28 என்றால் 622 ஆகவும் இருக்கலாம், 28 x 1½ ஆக இருந்தால் 635 ஆகவும் இருக்கலாம்.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது பின்னத்திலும் தசமத்திலும். 1¾, 1.75 இரண்டும் கணக்குப் பாடத்தில் ஒன்று. டயரில் அப்படியில்லை. 26 x 1.75 என்பது 559. 26 x 1¾ என்பது 571. 26 x 1⅜ பெரும்பாலும் 590, ஆனால் அமெரிக்காவின் ஷ்வின் கம்பெனி சைக்கிள்களில் அதே 26 x 1⅜ என்பது 597. பிரான்சின் பழைய டூரிங் சைக்கிள்களில் வரும் 650பி என்பது 584, 650ஏ என்பது 590. இந்த 6 மில்லிமீட்டர் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. கடையில் பெயரைச் சொல்லாமல் மூன்றிலக்க எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

1970களின் டூரிங் சைக்கிள்களில் 27 x 1¼ சகஜம். அதற்கு 700சி (622) டயர் வாங்கினால் ஏறவே ஏறாது, டயரை நெம்பும் லீவர்தான் வளையும். அது பரவாயில்லை, தவறு உடனே தெரிந்துவிடும். மாறாக, 622 ரிம்மில் 630 டயர் சுலபமாக ஏறிவிடும். ‘அட, எவ்வளவு லேசாகப் போட்டாச்சு’ என்று சந்தோஷப்பட்டுக் காற்றடித்தால், டயர் ஒரு பக்கம் பிதுங்கி ட்யூப் வெடிக்கும். டயர் கையால் தொட்டதும் ஏறினால் சந்தேகப்படுங்கள்.

சக்கரத்தையே 700சிக்கு மாற்றுவதானால் பிரேக் கட்டை 4 மில்லிமீட்டர் கீழே இறங்க வேண்டும். பிரேக் கட்டையைப் பிடித்திருக்கும் கையில், கட்டை மேலும் கீழும் நகரும் துளையில் அவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஃபிரேம் ஸ்டிக்கரையோ பழைய கேட்லாகையோ நம்ப வேண்டாம். முந்தைய சொந்தக்காரர் ஒரு சக்கரத்தை மாற்றியிருக்கலாம். முன்னும் பின்னும் தனித்தனியாகப் பாருங்கள். டயரில் கறுப்பின் மேல் கறுப்பாக இருக்கும் எழுத்து தெரியாவிட்டால் சாக்பீஸை படுக்கவைத்துத் தேய்த்தால் எழுத்து வெள்ளையாக எழும்பி வரும். ட்யூப்பில் அச்சிட்டிருப்பது ஆதாரமே ஆகாது. ஒரே ட்யூப்பை 27 இன்ச்சுக்கும் 700சிக்கும் சேர்த்தே விற்கிறார்கள்.

எழுத்தே இல்லையென்றால் டயரைக் கழற்றி ரிம்மை அளக்க வேண்டியதுதான். குறுக்கே பிடித்தால் ஹப்பின் மேல் டேப் வளைந்து பொய் சொல்லும். சுற்றளவை எடுங்கள்: ரிம்மின் வெளி ஓரத்தைச் சுற்றி டேப்பை இறுக்கிப் பிடித்து, வரும் எண்ணை 3.1416ஆல் வகுத்து, டயரின் ஓரக் கம்பி அமரும் இடத்திலிருந்து விளிம்பு எழும் உயரத்தை இரண்டு பக்கத்துக்கும் கழித்துவிடுங்கள். அந்த உயரம் பல ரிம்களில் பக்கத்துக்குச் சுமார் 6 மில்லிமீட்டர். 622க்கும் 630க்கும் விட்டத்தில் வித்தியாசம் 8 மில்லிமீட்டர்தான்; சுற்றளவில் அது 25 மில்லிமீட்டராக விரிந்துவிடும், தப்பாகப் படிக்க வாய்ப்புக் குறைவு.

ரிம்முக்குப் பக்கச் சுவரே இல்லாமல், லேசான குழிவும் பழைய பசையும் மட்டும் தெரிந்தால் அது ட்யூபுலர் ரிம், அதாவது டயரைப் பசையால் ஒட்டும் வகை. சாதாரண டயர் எந்த அளவிலும் அதில் நிற்காது. சுவர் இருந்தும் உள்பக்கம் கொக்கி மாதிரி மடிப்பு இல்லாமல் நேராக இருந்தால், உயர்ந்த காற்றழுத்தம் கொடுக்காதீர்கள். டயர் கழன்று வந்துவிடும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் புதுச் சக்கரம் பின்னால் நுழையாமல் போவதுண்டு. பழைய ஃபிரேம்களில் பின் ஃபோர்க்கில் ஹப் உட்காரும் இடைவெளி 120 அல்லது 126 மில்லிமீட்டர். இப்போதைய ஹப்கள் 130, 135 என்று வருகின்றன. இரும்பு ஃபிரேம் என்றால் அனுபவமுள்ள மெக்கானிக் விரித்துக் கொடுப்பார். அலுமினியம் என்றால் அந்தப் பேச்சே எடுக்காதீர்கள்.