டெஸ்க்டாப் கருவி விற்கும் சிறு நிறுவனம்: அப்டேட் நாளைத் தாண்டுவது எப்படி

டாஸ்க்பார், ஸ்டார்ட் மெனு, ஐகான்கள் இவற்றை மாற்றியமைக்கும் கருவி நிற்பது மைக்ரோசாஃப்டின் தளத்தின் மேல். 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்தபோது டாஸ்க்பாரையே புதிதாக எழுதிவிட்டார்கள். பழைய உள்ளமைப்பை நம்பியிருந்த கருவிகள் அப்படியே படுத்தன. மூன்று நான்கு பேர் நடத்தும் நிறுவனத்தில் புது வசதிகளுக்கு முன்னால் யோசிக்க வேண்டியது இதைத்தான்.

மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வரும். அதில் வரப்போகும் மற்ற மாற்றங்கள் பெரும்பாலும் முந்தைய மாதக் கடைசியிலேயே விருப்ப முன்னோட்டமாக வந்துவிடும். அந்த இரண்டு வாரம்தான் உங்கள் கையில் இருக்கும் அவகாசம். முன்னோட்டம் வந்த அன்றே சோதியுங்கள். இன்சைடர் பில்டுக்கென்று (பொது வெளியீட்டுக்கு முன் வரும் சோதனை விண்டோஸ் பதிப்பு) தனியாக ஒரு கணினி இருக்கட்டும். விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் கணினி) மட்டும் போதாது. 100%, 150% என்று வெவ்வேறு காட்சி அளவில் (ஸ்கேலிங்) இரண்டு மானிட்டர் மாட்டிய நிஜக் கணினியில்தான் பாதி பக் வெளியே வரும்.

ஒரு உதாரணம். எக்ஸ்ப்ளோரர் (டாஸ்க்பாரையும் டெஸ்க்டாப்பையும் காட்டும் விண்டோஸ் நிரல்) விழுந்து எழுந்தால் டாஸ்க்பாரின் ஓரத்தில் உள்ள உங்கள் ஐகான் காணாமல் போகும். அப்போது விண்டோஸ் அனுப்பும் 'டாஸ்க்பார்கிரியேட்டட்' என்ற செய்தியைப் பிடித்து ஐகானை மறுபடி சேர்க்க வேண்டும். இவ்வளவும் பலருக்கும் தெரியும். ஆனால் விண்டோஸ் 10 முதல், முதன்மைத் திரையின் டிபிஐ (காட்சி அளவு) மாறினாலும் இதே செய்தி வருகிறது. அப்போது ஐகான் ஏற்கெனவே அங்கேயே இருப்பதால் சேர்க்கும் அழைப்பு தோற்கும். அதைப் பிழையாக எண்ணி நிரலை மூடிவிடாமல், இருக்கும் ஐகானைப் புதுப்பித்துக்கொண்டு போங்கள். கருவி அட்மின் உரிமையோடு ஓடினால் இந்தச் செய்தி வந்தே சேராது. குறைந்த உரிமையுள்ள நிரல்களின் செய்திகளைத் தடுக்கும் மெசேஜ் ஃபில்டரில் அதற்கு அனுமதி கொடுக்க வேண்டும்.

மிக மோசமான விபத்து கிராஷ் சுழற்சி. உங்கள் டிஎல்எல் (வேறு நிரலுக்குள் ஏறி ஓடும் நிரல் கோப்பு) எக்ஸ்ப்ளோரருக்குள் நுழைகிறது, எக்ஸ்ப்ளோரர் விழுகிறது, விண்டோஸ் அதை எழுப்புகிறது, டிஎல்எல் மறுபடி நுழைகிறது. திரை மின்னிக்கொண்டே இருக்கும். கருவியை நீக்கப் போக ஸ்டார்ட் மெனுகூட இருக்காது. காசு கொடுத்து வாங்கியவரை அந்த நிலையில் விடவே கூடாது. நுழைவதற்கு முன் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) ஓர் எண்ணை ஒன்று கூட்டுங்கள். 30 விநாடி ஒழுங்காக ஓடினால் பூஜ்யமாக்குங்கள். தொடக்கத்திலேயே எண் 2 என்றிருந்தால் நுழையாமல் நின்று, காரணத்தைத் திரையில் சொல்லுங்கள். நீங்கள் சோதிக்காத விண்டோஸ் பில்ட் எண் என்றாலும் இதே விதி. ஏஆர்எம் கணினியில் எக்ஸ்ப்ளோரர் அந்தச் சிப்புக்கே உரிய நிரல். இன்டெல், ஏஎம்டி சிப்புக்கான சாதாரண எக்ஸ்64 டிஎல்எல் அதில் ஏறாது. தனி பில்ட் கொடுங்கள், அல்லது ஆதரவு இல்லை என்று வாங்கும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

கோட் சைனிங்கில் (நிரல் உங்களுடையதே என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பம்) கஞ்சத்தனம் வேண்டாம். 2023 ஜூன் முதல் சைனிங் கீ (கையொப்பமிடும் ரகசியச் சாவி) வன்பொருளுக்குள்தான் இருக்க வேண்டும் என்பது விதி. அந்தச் சாவி இருக்கும் யூஎஸ்பி டோக்கன் ஒருவர் மேசைக்குள் பூட்டிக் கிடந்தால், அவர் விடுப்பில் போன நாளில் அவசரத் திருத்தம்கூட வெளியே போகாது. அதனால் சாவியை இணையச் சேவையின் வன்பொருளில் வைக்கும் கிளவுட் சைனிங் நல்லது. டைம்ஸ்டாம்ப் (கையொப்பமிட்ட நேரத்தின் முத்திரை) மறந்தால், சான்றிதழ் காலாவதியான அன்றே பழைய இன்ஸ்டாலர்களின் கையொப்பமும் செல்லாமல் போகும். புதுச் சான்றிதழுக்கு ஸ்மார்ட்ஸ்கிரீனிடம் (அறிமுகமில்லாத நிரல்களுக்கு எச்சரிக்கை காட்டும் விண்டோஸ் வசதி) நம்பிக்கை மெதுவாகத்தான் சேரும், ஆகவே வெளியீட்டு வாரத்தில் சான்றிதழை மாற்றாதீர்கள். வேறொரு நிரலுக்குள் நுழைவது வைரஸ் செய்யும் வேலை போலவே ஆன்டிவைரஸுக்குத் தெரியும். யூபிஎக்ஸ் போன்ற பேக்கர் (நிரல் கோப்பைச் சுருக்கும் கருவி) போட்டால் சந்தேகம் கூடும். தவறாகப் பிடித்தால் அந்தந்த நிறுவனத்துக்குக் கோப்பை அனுப்பி மறுபரிசீலனை கேளுங்கள்.

லைசென்ஸ் விஷயத்தில், ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் என்று விற்காதீர்கள். மாதாமாதம் பழுதுபார்க்கும் வேலைக்குப் பணம் எங்கிருந்து வரும்? ஓர் ஆண்டு அப்டேட், அதன்பின் கையில் இருக்கும் பதிப்பு அவர்களுக்கே, என்பது நியாயமான முறை. கையொப்பமிட்ட லைசென்ஸ் கோப்பை இணையம் இல்லாமலே சரிபாருங்கள். உங்கள் சர்வர் படுத்தால் வாங்கியவர் டெஸ்க்டாப் படுக்கக் கூடாது. ரீஃபண்ட் கேட்டால் வாதாடாமல் கொடுங்கள். வங்கி வழியாகத் திரும்பப் பெற்றால் தண்டக் கட்டணமும் சேரும்.

சப்போர்ட்டுக்கு ஒரே பட்டன் போதும்: விண்டோஸ் பில்ட் எண், திரை அளவுகள், எக்ஸ்ப்ளோரருக்குள் ஏறியிருக்கும் மற்ற டிஎல்எல்கள் மூன்றையும் ஒரு கோப்பில் எழுதித் தரட்டும். இன்னொரு அழகுபடுத்தும் கருவியோடு மோதல் என்பது அந்தப் பட்டியலைப் பார்த்தாலே பல நேரம் தெரிந்துவிடும்.

அன்இன்ஸ்டாலை இன்ஸ்டாலுக்கு நிகரான கவனத்தோடு எழுதுங்கள். எக்ஸ்ப்ளோரர் பிடித்துவைத்திருக்கும் டிஎல்எல்லை அழிக்க முடியாது. முதலில் ஹூக்கை (கருவியை எக்ஸ்ப்ளோரரோடு மாட்டும் இணைப்பு) கழற்றி, எக்ஸ்ப்ளோரரை மறுபடி தொடங்கி, பிறகு அழியுங்கள். மாற்றிய ஒவ்வொரு ரெஜிஸ்ட்ரி மதிப்பின் பழைய நிலையும் சேமிப்பில் இருக்க வேண்டும். முன்பு அந்த மதிப்பே இல்லை என்றால் அதையும் குறித்துவையுங்கள்; 0 என்று எழுதிவிட்டுப் போவதும் மதிப்பை நீக்கிவிட்டுப் போவதும் விண்டோஸுக்கு ஒன்றல்ல.