கிராமத்துப் பேய்ப் படம், கையில் காசு கம்மி: எங்கே சொதப்புகிறார்கள்?

காசு கம்மி என்பதால் பேய்ப் படம் எடுக்க வருகிறார்கள், அதில் தப்பே இல்லை. ஆனால் ஊருக்குப் போய் பெரியவர்களிடம் உட்கார்ந்து முனி கதையெல்லாம் கேட்டுவிட்டு வந்து, படத்தில் மட்டும் வெள்ளைப் புடவை, விரித்த தலை, கொலுசுச் சத்தம் என்று பழைய சரக்கையே இறக்கினால் எப்படி?

ஊர்க்கதையில் சில விதிகள் இருக்கும். உச்சிவேளையில் ஆற்றங்கரைப் பக்கம் போகாதே, கறிக்குழம்பு கொண்டுபோனால் தூக்குவாளியோடு ஒரு கரித்துண்டும் வைத்துக்கொள், ராத்திரியில் யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் முதல் குரலுக்கே திரும்பாதே. இதில் எதற்காவது கிராபிக்ஸ் வேண்டுமா? பகல் 12 மணி, ஆளரவமே இல்லாத களத்துமேடு, கரித்துண்டை மறந்துவிட்டு வாளியோடு நடந்து வரும் பையன்: காட்சி தயார், லைட் வாடகையும் மிச்சம். பேய் என்றாலே நள்ளிரவு என்று முடிவு கட்டி ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றுவதில்தான் பாதி பட்ஜெட் போகிறது.

இரவுக் காட்சி வேண்டியே இருந்தால், நீல விளக்கு, புகை எதுவும் வேண்டாம். சூரியன் இறங்கிய பிறகு கிடைக்கும் கொஞ்ச நேர வெளிச்சத்தில் எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள் விழும் வெளிச்சத்தின் அளவை, குறைத்து எடுங்கள், ஒத்திகையைப் பகலிலேயே முடித்துவிட்டு.

அப்புறம் சத்தம். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள், வசனம் குளியலறையில் பேசியதுபோல் கேட்டால் சிரித்துவிடுவார்கள். எடுத்த இடத்திலேயே சில்வண்டு, தவளை, காற்று எல்லாவற்றையும் தனியாகப் பதிவுசெய்து வையுங்கள், ஏனென்றால் அந்தச் சில்வண்டு சத்தம் சட்டென்று நின்றுபோகும் ஒரு நொடி தரும் பயத்தை, காதைக் கிழிக்கும் பின்னணி இசையால் தர முடியாது.

பேயை முழுசாகக் காட்டுவதும் வேண்டாம். 1999இல் வெளியான 'த பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்' அமெரிக்காவின் மேரிலாந்து காட்டில் முக்கியப் படப்பிடிப்பை 8 நாளில் முடித்த படம், கேமராவைப் பிடித்ததே நடிகர்கள்தான், சூனியக்காரி கடைசிவரை கண்ணில் படுவதே இல்லை. அந்தப் படம் இன்னொன்றையும் காட்டியது: கதை முழுக்கக் கற்பனை, ஆனால் பர்கிட்ஸ்வில் என்ற நிஜ ஊரின் பெயரைப் போட்டதால் ரசிகர்கள் அங்கே படையெடுத்து ஊர்ப் பலகையைத் திருடிக்கொண்டு போனார்கள். நம்மூரில் 'உண்மைச் சம்பவம்' என்று போட்டு, தூக்கு மாட்டிச் செத்த ஒரு பெண்ணின் ஊரையும் தெருவையும் சொன்னால் அவள் குடும்பம் இன்னும் அங்கேதான் இருக்கும். ஊர்ப் பெயரை மாற்றுங்கள்.

கறுப்புப் பூனை, கிடா, நாய் ஏதாவது வருகிறதா? படப்பிடிப்புக்கு முன்பே விலங்குகள் நல வாரியத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். அது இல்லாமல் சென்சாருக்குப் போனால் அந்தக் காட்சியையே வெட்டச் சொல்ல வாய்ப்புண்டு, மறுபடி எடுக்க அப்போது காசு இருக்காது.