பழைய கோழிக்கூண்டை சரி பண்றது எப்படி

செகண்ட்ஹேண்ட்ல கூண்டு வாங்கியாச்சா, முதல்ல ஒரு விஷயம், சிங்கப்பூர்ல எச்டிபி (அரசாங்க அடுக்குமாடி) வீட்ல கோழி வளர்க்க முடியாது, லேண்டட் வீடுன்னா, அதாவது தரையோட இருக்குற வீடுன்னா, பத்து வரைக்கும் ஓகே, ஆனா மத்த பறவைங்க உள்ள வராத மாதிரி கூண்டு இருக்கணும்.

நான் வாங்குனதுல கோழிவலைதான் அடிச்சிருந்துச்சு, பார்க்க அழகா இருந்துச்சு, ஒரு நாள் காலைல பார்த்தா குட்டி மலைப்பாம்பு ஒன்னு ஓட்டை வழியா பாதி உடம்ப நுழைச்சிட்டு நிக்குது! அன்னைக்கே அதைப் பிச்சிட்டு 12 மில்லிமீட்டர் ஓட்டை உள்ள வெல்ட் மெஷ் (கம்பிய பத்தவச்சுச் செஞ்ச கெட்டி வலை) போட்டேன், ஸ்டேப்ளர் பின் நம்பாதீங்க, ஸ்க்ரூவும் வாஷரும் வச்சு இறுக்குங்க, அடிப்பக்கமும் மெஷ் வேணும், இல்லனா எலி தோண்டிட்டு வரும்.

அடுத்தது காத்து. நம்ம ஊரு புழுக்கத்துல மூடுன பெட்டி அடுப்பு மாதிரி ஆயிடும், அதனால கூரைக்குக் கீழ ரெண்டு பக்கமும் ஒரு சாண் பலகையை எடுத்துட்டு மெஷ் அடிங்க, மழைச்சாரல் அடிக்காம கூரையைக் கொஞ்சம் வெளிய நீட்டி விடுங்க, டிசம்பர் மழை சும்மா விடாது.

உக்கார்ற கட்டைக்கு 4 சென்டிமீட்டர் அகலம், முனைய உப்புத்தாள் போட்டு மழுக்கிடுங்க. பேண்டம் (குட்டை ரகக் கோழி) ஒன்னுக்கு ஒரு சாண் இடம் தாராளம். முட்டைப்பெட்டி கட்டையை விடத் தாழ்வா இருக்கட்டும், இல்லனா அதுலயே தூங்கி அசிங்கம் பண்ணும்.

பெயிண்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி ராத்திரி டார்ச் அடிச்சு கட்டையோட இடுக்கெல்லாம் பாருங்க, கோழி ரத்தம் குடிக்கிற செவப்பு உண்ணி பகல்ல அங்கதான் ஒளிஞ்சிருக்கும், ராத்திரிதான் வெளிய வரும், வெள்ளை டிஷ்யூவால தேச்சா ரத்தக்கறை ஒட்டும், அப்படி இருந்தா கொதிக்கிற தண்ணி ஊத்தி வெயில்ல காய வச்சிட்டு அப்புறம்தான் கோழிய உள்ள விடணும்.