வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் கடல் கணக்கு: மாணவரின் ஆர்வத்தையும் நடத்தையையும் அளக்கும் முறை

புதிதாகப் பணியில் சேர்ந்த ஆசிரியர்களுக்கும், மாலையில் ஊர்ப் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் சொல்லிக்கொடுக்கும் தம்பி தங்கைகளுக்கும் இதை எழுதுகிறேன். பாம்பன் பக்கத்தில் ஒரு கடலோரப் பள்ளியில் ஆறிலிருந்து எட்டு வரை கணக்கு எடுக்கிறேன். எட்டு முடித்து ஒன்பதுக்குப் போகும் இடத்தில்தான் எங்கள் பையன்கள் கழன்றுகொள்கிறார்கள். "அவனுக்குப் படிப்புல நாட்டம் இல்ல சார்" என்று வீட்டில் சொல்வார்கள். ஆசிரியர் அறையில் நாமும் அதையே சொல்வோம். அந்த நாட்டத்தை யார், எந்த நாளில், எதை வைத்துப் பார்த்தார்கள் என்று கேட்டால் பதில் இருக்காது.

அதைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. நான்கு வாரம் போதும். ஒரு நாற்பது பக்க நோட்டு, பேனா, கைக்கடிகாரம் வேண்டும். செல்போனில் பிள்ளைகளைப் படம் பிடிக்க வேண்டாம்.

முதலில், அடுத்த வகுப்புக்கு ஒரு பிள்ளையின் தயார்நிலை என்று நான் எதைச் சொல்கிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த வகுப்புப் பாடத்துக்கு வேண்டிய அடிப்படை கையில் இருக்க வேண்டும். இருபது நிமிடம் ஒரே வேலையில் ஒட்டியிருக்க முடிய வேண்டும். தெரியாதபோது கேட்கத் துணிவு வேண்டும். மதிப்பெண் இவற்றில் முதலாவதை மட்டும்தான் காட்டும், அதையும் அரைகுறையாக.

படி 1: மூன்று பேரைத் தேர்ந்தெடுங்கள்

முழு வகுப்பையும் ஒரே மூச்சில் அளக்கப் போனால் ஒரு வாரத்தில் நோட்டு மூடிவிடும். மூன்று பிள்ளைகள் போதும். ஒருவர் நீங்கள் அதிகம் சத்தம் போடும் பிள்ளை, இன்னொருவர் அடிக்கடி வராத பிள்ளை. மூன்றாவது, பெயர் சட்டென்று உங்கள் நினைவுக்கு வராத பிள்ளை. அந்த மூன்றாவது பிள்ளையை விட்டுவிடாதீர்கள். சத்தம் போடாமல் பின்தங்குகிறவர்கள்தான் நம் கண்ணில் படாமலே பள்ளியைவிட்டுப் போகிறார்கள்.

படி 2: தீர்ப்பை எழுதாதீர்கள், பார்த்ததை எழுதுங்கள்

'சோம்பேறி', 'திமிர்', 'அக்கறையில்லை' என்ற சொற்களுக்கு நோட்டில் இடம் கிடையாது. "கணக்கைக் கரும்பலகையில் எழுதிய 3 நிமிடத்தில் பேனாவைக் கீழே வைத்தான்", "இரண்டாம் பீரியடில் மேசையில் தலை சாய்த்தாள், கூப்பிட்டதும் எழுந்தாள்" என்று எழுதுங்கள். வேறு ஆசிரியர் படித்தாலும் அதே காட்சி அவர் கண்முன் வர வேண்டும். இது பழக ஒரு வாரம் ஆகும். எனக்கு அதற்கு மேலும் ஆனது.

படி 3: வராத நாளுக்குப் பக்கத்தில் கடலை எழுதுங்கள்

நம் கரையில் வேலை பார்ப்பவர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போகவே கூடாது. பதிவேட்டிலிருந்து, வராத நாட்களை மட்டும் தேதி, கிழமையோடு ஒரு தாளில் எடுத்தெழுதுங்கள். பக்கத்தில் ஒரு வரிசை விட்டு, அன்றைக்குக் கடலில் என்ன நிலை என்று பிள்ளைகளிடமே கேட்டு நிரப்புங்கள்.

ராமேஸ்வரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போவது நெடுநாள் வழக்கம். போன படகு மறுநாள் காலையில் கரை சேரும். செவ்வாயும் வியாழனும் மட்டும் வராத ஒரு பிள்ளை உங்கள் தாளில் தெரிந்தால், அது ஆர்வக் குறைவு இல்லை. படகு கரைக்கு வரும் நேரத்தில் அந்த வீட்டில் ஒரு கை தேவைப்படுகிறது. நாட்டுப்படகு வைத்திருக்கும் வீட்டில் கணக்கு வேறு. அங்கே நண்டு வலை வந்த காலையில் அம்மாவோடு உட்கார்ந்து வலை பிரித்துவிட்டு, விரலெல்லாம் கீறலோடு பத்து மணிக்கு வரும் பிள்ளையைப் பார்ப்பீர்கள். அம்மா கடற்பாசி எடுக்கப் போகும் வீடு என்றால் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண்பிள்ளை நின்றுவிடும்.

ஆண்டுக் கணக்கும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். ஜூன் தொடக்கத்தில் பள்ளி திறக்கும்போது அந்த வீடுகளில் வரும்படி நின்று ஒன்றரை மாதம் ஆகியிருக்கும். தடை முடிந்து படகுகள் இறங்கியதும் வகுப்பின் முகமே மாறும். ஆகவே ஜூன் முதல் இரண்டு வார வருகையை வைத்து எந்தப் பிள்ளையைப் பற்றியும் முடிவுக்கு வராதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கிடைக்காது, அப்பா வீட்டில் இருப்பார். சில வீடுகளில் அது பிள்ளைக்குக் கொண்டாட்டம், சில வீடுகளில் கடன்காரர் வந்து நிற்கும் நாள். மறுநாள் வகுப்பில் இரண்டும் தெரியும்.

கரையைவிட்டுச் சற்று உள்ளே போனால் இந்தக் கணக்கை மாற்றிப் போட வேண்டும். சாயல்குடிப் பக்கம் பதநீர்க் காலம், முதுகுளத்தூர்ப் பக்கம் முண்டு மிளகாய்ப் பழம் பறிக்கும் காலம்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அப்பா இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்ட வீட்டுப் பிள்ளையிடம் அந்த வாரங்களில் எதையும் அளக்காதீர்கள். பக்கத்தில் போய் உட்காருங்கள். அது போதும்.

படி 4: இருபது முறை நிமிர்ந்து பாருங்கள்

பிள்ளைகள் தாமாகக் கணக்குப் போடும் இருபது நிமிடத்தைத் தேர்ந்தெடுங்கள். கடிகாரத்தில் நொடிமுள் பன்னிரண்டைத் தொடும் அந்த ஒரு கணத்தில் மட்டும் அந்தப் பிள்ளையைப் பாருங்கள். வேலையில் இருந்தால் ஒரு கோடு, இல்லாவிட்டால் ஒரு சுழி. இருபதில் 11 கோடு என்றால் 55 சதவீதம்.

அதே நேரத்தில் பக்கத்துப் பிள்ளைக்கும் ஒரு வரி போடுங்கள். அந்தப் பிள்ளைக்கும் 12தான் வருகிறது என்றால் குறை பையனிடம் இல்லை, அன்றைய பாடத்தில் இருக்கிறது. காலையில் ஒரு முறை, சத்துணவுக்குப் பிறகு ஒரு முறை, வேறொரு பாடத்தில் ஒரு முறை என்று மூன்று தடவையாவது எடுங்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகி நிற்கிறது என்பதை முதல் தடவை பார்க்கும்போது மனசு கொஞ்சம் கலங்கும்.

படி 5: முன்னால் என்ன, பின்னால் என்ன

என்னிடம் ஒரு பையன் இருந்தான். வாரத்தில் மூன்று நாளாவது பக்கத்திலிருப்பவனைச் சீண்டுவான், நான் வெளியே நிறுத்துவேன். நோட்டில் மூன்று கட்டம் போட்டு, சீண்டுவதற்கு முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதற்குப் பின் என்ன நடந்தது என்று எழுதத் தொடங்கினேன். எட்டு நிகழ்ச்சிகள் சேர்ந்தன. அதில் ஆறில் 'முன்' கட்டத்தில் ஒரே விஷயம்தான் இருந்தது. வாக்கியமாக எழுதியிருக்கும் வாழ்வியல் கணக்கை வரிசையாக ஒவ்வொருவராகச் சத்தமாக வாசித்துக்கொண்டு வந்தோம், அவன் முறைக்கு இன்னும் இரண்டு பேர்தான் பாக்கி. 'பின்' கட்டத்திலும் ஒரே விஷயம்: வெளியே நின்றான், வாசிக்கவில்லை.

அவனுக்குத் தமிழ் கூட்டி வாசிக்க வரவில்லை. எட்டாம் வகுப்பில், பெண்பிள்ளைகள் முன்னால் திக்கித் திணறுவதைவிட வாசலில் நிற்பது அவனுக்கு எளிது. தண்டனை என்று நினைத்து நான் கொடுத்துக்கொண்டிருந்தது அவன் தேடிக்கொண்டிருந்த வழிதான். ஆறு மாதம் அப்படிப் போயிருக்கிறது. அதை நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது.

ஒரு நடத்தை திரும்பத் திரும்ப வந்தால் அது அந்தப் பிள்ளைக்கு ஏதோ ஒன்றைப் பெற்றுத் தருகிறது, அல்லது ஏதோ ஒன்றிலிருந்து தப்ப வைக்கிறது. ஐந்தாறு நிகழ்ச்சிகளாவது சேரும் முன் எது என்று முடிவு கட்டாதீர்கள்.

படி 6: பிள்ளையிடமே கேளுங்கள்

கேள்வித்தாள் கொடுத்தால் வாசிக்க வராதவர்கள் பக்கத்திலிருப்பவரைப் பார்த்து எழுதுவார்கள். மூன்று தம்ளரை வைத்து 'ஆமாம்', 'கொஞ்சம்', 'இல்லை' என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் ஒரு வாக்கியம் சொல்ல, பிள்ளை ஒரு சிப்பியைப் போட வேண்டும். ஒவ்வொருவராக, தனியாக. நீங்கள் திரும்பி நின்றுகொண்டு, ஒவ்வொரு கேள்வி முடிந்ததும் தம்ளரைப் பாருங்கள். "சார் சந்தோஷப்படட்டும்" என்று 'ஆமாம்' போடும் பிள்ளைகள் நம் ஊரில் அதிகம்.

நான் சொல்லும் வாக்கியங்கள் இவை. "முயற்சி பண்ணினா இந்தக் கணக்கு எனக்கு வந்துரும்." "இதைப் படிச்சா எனக்கு எதுக்காவது உதவும்." "தெரியலைன்னா கேட்டுருவேன்." "நான் ஒரு நாள் வரலைன்னா வகுப்புல யாராவது தேடுவாங்க." "எதை முதல்ல செய்யணும்னு சில நேரம் நானே முடிவு பண்றேன்."

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயான் என்ற அமெரிக்க உளவியலாளர்கள், உள்ளிருந்து வரும் ஊக்கத்துக்கு மூன்று தேவை என்றார்கள்: தன் முடிவு, தன்னால் முடியும் என்ற உணர்வு, தன்னைச் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள் என்ற உணர்வு. மேலே உள்ள வாக்கியங்களில் மூன்றும் இருக்கின்றன. விடைகளைக் கூட்டி ஒரே எண்ணாக்காதீர்கள். 'முடியும்' என்பதற்கு ஆமாமும் 'தேடுவாங்க' என்பதற்கு இல்லையும் போட்ட பிள்ளைக்கு வேண்டியது வேறு, அதைத் தலைகீழாகப் போட்ட பிள்ளைக்கு வேண்டியது வேறு. பாடத்துக்குப் பாடமும் விடை மாறும். கணக்கில் ஐந்துக்கும் இல்லை போட்டவன் அறிவியலில் நான்கு ஆமாம் போடுவான். பொதுவாக 'ஆர்வமில்லாதவன்' என்று ஒருவனும் என் நோட்டில் இதுவரை தேறவில்லை.

படி 7: கணக்கு வரவில்லையா, மனமில்லையா, வாசிக்க முடியவில்லையா

பத்துக் கணக்கு, நான்கு நிமிடம். விடையை எண்ணிக்கொள்ளுங்கள். மறுநாள் அதே தரத்தில் வேறு பத்து. "நேத்தைவிட ரெண்டு கூடப் போட்டா கடைசிப் பீரியட்ல பத்து நிமிஷம் நீ சொல்ற விளையாட்டு" என்று சொல்லிக் கொடுங்கள். எண்ணிக்கை தாவினால் அவனுக்குத் தெரியும், மனம்தான் இல்லை. அப்படியே நின்றால் அடிப்படையில் ஓட்டை. ஒரு வகுப்பு கீழே இறங்கிக் கொடுத்துப் பாருங்கள், எங்கே வருகிறதோ அங்கிருந்து தொடங்குங்கள். மூன்றாம் நாள் வாழ்வியல் கணக்கை நீங்களே வாசித்துச் சொல்லுங்கள். அப்போது சரியாகப் போட்டால் சிக்கல் கணக்கில் இல்லை, வாசிப்பில்.

பரிசை இந்தச் சோதனை நாளோடு நிறுத்திவிடுங்கள். 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள சிறு பிள்ளைகளிடம் முன்கூட்டியே பரிசு சொல்லி வரையவைத்தார்கள். பிறகு சும்மா விட்டபோது அவர்கள் வரைவது குறைந்துபோனது. பரிசே சொல்லாத பிள்ளைகளுக்கும், வரைந்த பிறகு எதிர்பாராமல் கொடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கும் அப்படிக் குறையவில்லை.

படி 8: ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மறுபடி அளங்கள்

ஒரே நேரத்தில் ஐந்து மாற்றம் செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாது. அந்தப் பையனுக்கு நான் செய்தது ஒன்றுதான். மறுநாள் வாசிக்க வேண்டிய கணக்கை முந்தின நாளே அவன் கையில் கொடுத்து, மதிய இடைவேளையில் இரண்டு முறை என்னிடம் வாசிக்கச் சொன்னேன். மூன்று வாரம் கழித்து அதே இருபது நிமிடக் கணக்கெடுப்பு: 9-லிருந்து 14-க்கு வந்திருந்தது. சீண்டல் முழுவதும் நிற்கவில்லை, வாரத்துக்கு ஒன்றாகக் குறைந்தது. எண் நகரவில்லை என்றால் பிள்ளையைக் குறை சொல்லாமல் மாற்றத்தை மாற்றுங்கள்.

கண், காது சந்தேகம் இருந்தால் பள்ளி சுகாதாரக் குழு வரும்போது முதலில் காட்டுங்கள். உடம்பில் காயமோ, பயமோ தெரிந்தால் இந்த நோட்டு எதற்கும் உதவாது. தலைமையாசிரியரிடம் அன்றைக்கே சொல்லுங்கள், குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் பேசுங்கள்.

நோட்டை வகுப்பில் திறந்து வைக்காதீர்கள், பெற்றோர் கூட்டத்தில் வாசிக்காதீர்கள். ஆண்டு முடிவில் அதிலிருந்து ஒரு தாள் மட்டும் அடுத்த வகுப்பு ஆசிரியருக்குப் போகட்டும். நான் கொடுத்த ஒரு தாள் இப்படி இருந்தது:

"பின்னம்: பகுதி ஒரே எண்ணாக இருந்தால் கூட்டுகிறான், வேறாக இருந்தால் நிற்கிறான். வாசிப்பு: முன்பே கொடுத்தால் வாசிக்கிறான், திடீரென்று எழுப்ப வேண்டாம். காலையில் 20-க்கு 14, மதியம் 10. தெரியாததைத் தனியாக வந்து கேட்கிறான், வகுப்பில் கேட்பதில்லை. அப்பா விசைப்படகு. செவ்வாய், வியாழன் முதல் பீரியடில் புதுப் பாடம் தொடங்க வேண்டாம்."