சம்பளத்தோடு படம் கீறுகிறவர்கள் செய்யும் பிழைகள்

படம் கீறும் ஆசையோடு என்னிடம் கதைக்க வரும் தம்பி தங்கச்சிமார் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: “அண்ணா, எப்ப வேலையை விடலாம்?”

அந்தக் கேள்வியில்தான் முதல் பிழை இருக்கிறது. திருகோணமலையில், சீனக்குடாப் பக்கம் ஒரு கம்பனியில் 11 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன், இரவில் கீறுகிறேன். முதல் 3 வருடம் கந்தோரைப் பகையாகவே நினைத்தேன். மனம் புழுங்கியே பின்னேரங்கள் போயின. அந்த 3 வருடத்தில் உருப்படியாகக் கீறியது மிகக் குறைவு.

விட நினைப்பவர்கள் கணக்கையும் பிழையாகப் போடுகிறார்கள். நல்ல மாதம் ஒன்றில் வந்த காசைப் பன்னிரண்டால் பெருக்கிப் பார்க்கிறார்கள். எங்கள் ஊரில் அது சரிவராது. நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் வெளிநாட்டுக்காரர் நிறைய வருவது சித்திரைக்குப் பிறகு புரட்டாதி வரைதான். மாரி தொடங்கினால் கடற்கரைக் கடைகள் உறங்கிவிடும். ஆடியிலும் மார்கழியிலும் எங்கள் ஆட்கள் கலியாணம் வைப்பதில்லை, அழைப்பிதழ் வேலையும் இல்லை. தனியார் வேலையில் எங்கள் சம்பளத்தில் வெட்டும் 8 வீதத்தோடு முதலாளி ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் போடுகிறார். வேலையை விட்டால் சம்பளத்தோடு அந்த 15 வீதமும் நின்றுவிடும். மோசமான மாதத்தை வைத்துக் கணக்குப் பாருங்கள்.

அதற்கு நேர் எதிரான பிழை ஒன்றும் உண்டு. சம்பளம் வருகிறது, ஆனாலும் கேட்கிற வேலையை எல்லாம் ஏற்கிறோம். பூப்புனித நீராட்டு விழாப் பதாகை, கடைப் பெயர்ப்பலகை, சொந்தக்காரரின் பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் செயற்றிட்டம். “நீங்கதானே, ரெண்டு நிமிச வேலை, கீறித் தாங்கோ” என்பார்கள். அந்த ரெண்டு நிமிசம் ஒருநாளும் ரெண்டு நிமிசத்தில் முடியாது. சம்பளம் எனக்குத் தரும் பெரிய வசதி மறுக்கும் உரிமைதான். அதைப் பாவிக்காமல் விட்டால் பகலில் ஒரு கந்தோர், இரவில் இன்னொரு கந்தோர். இப்போது மாதத்துக்கு இரண்டு வெளிவேலை மட்டும். மிச்ச இரவுகள் என் படங்களுக்கு.

எழுத்தில் வாங்காமல் கொடுப்பதைப் பற்றிச் சொல்லும்போது இன்னும் நோகிறது. கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்களை ஒரு வருடம் விடாமல் கீறினேன். அதில் ஒன்றை ஒரு கடைக்காரர் சுவரில் மாட்டக் கேட்டார். 3,000 ரூபாய் தந்தார், கணினிக் கோப்பையும் வாங்கிக்கொண்டார். அடுத்த சீசனில் அதே மான் துணிப்பைகளில் அச்சாகித் தொங்கியது. கேட்டதற்கு, “காசு தந்துதானே வாங்கினேன்” என்றார். படத்தை விற்பதும் அதை அச்சடிக்கும் உரிமையை விற்பதும் ஒன்றல்ல என்று எனக்கே அன்று தெளிவாகத் தெரியாது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, கீறியவுடனேயே பதிப்புரிமை கீறியவருக்கு வந்துவிடுகிறது, பதிவு எதுவும் தேவையில்லை. அவர் வாழ்நாளும் அதன்பின் 70 வருடமும் அது செல்லும். உரிமையை மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்தில், இரு பக்கமும் கையொப்பம் வைத்து நடக்கவேண்டும். எதற்குப் பாவிக்கலாம், எத்தனை பிரதி, எவ்வளவு காலம் என்று அரைப் பக்கத்தில் எழுதி வாங்கினாலே போதும். பெரிய கணினிக் கோப்பைக் கையில் கொடுக்காதீர்கள்.

அதே சட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது. வேலையின் பகுதியாக நீங்கள் உருவாக்கியதன் பொருளாதார உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், முதலாளிக்கே போகும். ஆகவே கந்தோர்க் கணினியில், கந்தோர் நேரத்தில் சொந்தப் படம் கீறி வீண் வழக்கை இழுக்க வேண்டாம். அரச ஊழியர்கள் தாபன விதிக்கோவையைப் பார்த்து, வெளியே காசுக்கு வேலை செய்ய முன்கூட்டியே அனுமதி எடுக்கவேண்டும்.

நீண்ட லீவு வரட்டும், அப்போது பெரிதாகத் தொடங்குவோம் என்று காத்திருப்பதும் பலரிடம் இருக்கிறது. மூதூரின் வ.அ. இராசரத்தினம் ஆசிரியத் தொழில் பார்த்துக்கொண்டேதான் கதைகள் எழுதினார். எனக்கு மாதந்தோறும் முழுநிலா நாளில் வரும் போயா விடுமுறை போதுமாக இருக்கிறது. அன்று விடிய 5 மணிக்கு மேசையில் இருப்பேன், மத்தியானம் வரை தொலைபேசி அடுத்த அறையில் கிடக்கும். வேலை நாட்களில் இரவு ஒரு மணித்தியாலம், அதற்கு மேல் இல்லை. நித்திரையை வெட்டிக் கீறிப் பார்த்தேன்; மறுநாள் கணக்கிலும் பிழை, கோட்டிலும் பிழை.

போன கிழமை ஒரு அக்கா, தன் மகளின் கலியாண அழைப்பிதழுக்குக் கேட்டார். இந்த மாதம் இரண்டும் நிரம்பிவிட்டது, அடுத்த மாதம்தான் என்றேன். கோபிப்பார் என்று நினைத்தேன். “அப்ப அடுத்த மாசத்துக்கு என்ர பேரை எழுதுங்கோ” என்றார்.