கயிற்றை அவிழ்க்கும் முன்: குடும்பத்தோடு பாய்மரப் படகில் குடியேற

மலேசியாவில் ஈப்போ நகரத்து மூன்று அறை தரைவீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, லங்காவித் தீவில் 37 அடிப் பாய்மரப் படகில் நாங்கள் நால்வரும் குடியேறி மூன்று வருடம் ஆகிறது. என் வீட்டுக்காரர் ஏர்கோன் பழுது பார்ப்பவர். நான் ஒரு லாரி கம்பெனிக்குக் கணக்கு எழுதுகிறேன். அன்று ஆபீஸில், இன்று படகில். மகளுக்கு அப்போது எட்டு வயது, மகனுக்கு நாலரை. எங்களைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் புயலைப் பற்றியும் சுறாவைப் பற்றியும்தான் கேட்கிறார்கள். கக்கூஸைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டியது அதைத்தான்.

படகு ஓட்டுவது ஒரு வேலை, படகில் குடித்தனம் பண்ணுவது வேறு வேலை. இரண்டையும் ஒரே மாதத்தில் ஆரம்பித்தால் சண்டைதான் வரும். நாங்கள் முதல் ஆறு மாதம் மரினாவில், அதாவது படகுகளைக் கட்டி நிறுத்தும் துறையில், கட்டிய கயிற்றை அவிழ்க்கவே இல்லை. பக்கத்துப் படகுக்காரர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

படகு வாங்குவது

லங்காவி 1987 முதல் வரியில்லாத் தீவு. இந்தோனேசியா, தாய்லாந்து என்று சுற்றி வரும் வெளிநாட்டுக்காரர்களில் சிலர் பயணத்தை இங்கேயே முடித்துக்கொண்டு, படகை விற்றுவிட்டு விமானம் ஏறிவிடுவார்கள். அதனால் பழைய படகுகள் கிடைக்கும். பழசு என்று பயப்பட வேண்டாம். நல்ல ஃபைபர் உடல் நாற்பது வருடம் ஆனாலும் தாங்கும், கெட்டுப்போவது மற்றதெல்லாம்.

நாங்கள் முதலில் ஆசைப்பட்ட படகு பார்க்க ராஜா மாதிரி இருந்தது. கிரேனில் கரைக்குத் தூக்க வைத்து, படகைச் சோதித்துச் சொல்லும் ஒரு சர்வேயரைக் கூப்பிட்டோம். அவர் சின்னச் சுத்தியலால் மேல்தளத்தைத் தட்டிக்கொண்டே போனார். டக், டக் என்று வந்த சத்தம் பாய்மரத்தடியில் 'தொப்' என்று மாறியது. இரண்டு ஃபைபர் அடுக்குக்கு நடுவில் இருந்த மரம் தண்ணீரில் ஊறிப்போயிருந்தது. தேங்காயைத் தட்டி வாங்கத் தெரிந்தவர்களுக்கு இது புரியும். கிரேனுக்கும் சர்வேயருக்கும் கொடுத்த காசு வீணாய்ப் போச்சே என்று வீட்டுக்காரருக்கு வருத்தம். நான் கணக்கெழுதுகிறவள், எனக்கு அது லாபக் கணக்கு.

பாய்மரத்தை இழுத்துப் பிடித்திருக்கும் கம்பிகளுக்கு என்ன வயசு என்று கேளுங்கள். பத்து வருடத்தைத் தாண்டியிருந்தால் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். பல இன்சூரன்ஸ்காரர்களும் அதைக் கேட்பார்கள். எஞ்சின் ஆயிலைத் தொட்டுப் பாருங்கள். பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. வேறு நாட்டுக் கொடியில் பதிவான படகு என்றால், அந்தப் பதிவை நீக்கிய சான்றிதழ் கைக்கு வராமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். அப்புறம், படகு விலையில் பத்தில் ஒரு பங்கு வருடா வருடம் பராமரிப்புக்குப் போகும் என்று படகுக்காரர்கள் சொல்வார்கள். எங்களுக்கு முதல் வருடம் அதைவிடக் கூடவே போனது.

கட்டிய படகிலேயே ஒத்திகை

மரினாவில் இருக்கும்போது கரையிலிருந்து தண்ணீர்க் குழாயும் மின்சாரமும் வரும். அந்தச் சுகத்தில் ஒன்றும் புரியாது. குடியேறி ஒரு மாதம் ஆனதும், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் இரண்டையும் பிடுங்கிவிட்டோம். திங்கள் காலை வரை தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. எங்கள் தொட்டியில் 400 லிட்டர் பிடிக்கும். ஆளுக்கு நாளைக்கு 25 லிட்டர் என்று வைத்தால் நாலு பேருக்கு நாலு நாள் வரவேண்டும். ஞாயிறு மத்தியானமே பம்பு காற்றை இழுத்துக் கத்தியது. குற்றவாளி யார் என்று பார்த்தால் நான்தான்; குழாயைத் திறந்து விட்டபடியே பாத்திரம் கழுவுகிற பழக்கம். இப்போது பாத்திரத்தைக் கடல் தண்ணீரில் கழுவி, நல்ல தண்ணீரில் ஒரு முறை அலசுகிறேன். மரினா தண்ணீரில் இதைச் செய்யாதீர்கள், அது அழுக்கு. இந்த ஒத்திகையை மாதம் ஒரு முறை வைத்துக்கொள்ளுங்கள்.

மின்சாரக் கணக்கும் அப்படித்தான் தெளிந்தது. மேலே 400 வாட் சூரியத் தகடு. நல்ல வெயில் நாளில் ஒன்றரை யூனிட் வந்தால் சந்தோஷம். அதில் பாதியை ஃபிரிட்ஜே தின்றுவிடும். கிரைண்டரை நினைத்துத்தான் நான் அதிகம் கவலைப்பட்டேன். உண்மையில் 150 வாட் கிரைண்டர் அரை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. வெயில் உச்சியில் இருக்கும்போது ஆட்டிக்கொண்டால் பேட்டரிக்குத் தெரியவே தெரியாது. ரைஸ் குக்கரையும் மின்சாரக் கெட்டிலையும் மட்டும் ஈப்போவிலேயே விட்டுவிடுங்கள்.

அடுப்பு கேஸ்தான். வீட்டில் இருக்கிற அதே கேஸ்தான், ஆனால் படகில் ஆபத்து அதிகம். அது காற்றைவிடக் கனம். கசிந்தால் ஜன்னல் வழியாகப் போகாது, படகின் அடிவயிற்றில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு தீப்பொறி போதும். ஆகவே சிலிண்டர் உள்ளே வரக்கூடாது. அடியில் படகுக்கு வெளியே திறக்கும் ஓட்டை உள்ள தனிப் பெட்டியில், மேல்தளத்தில் இருக்க வேண்டும். சமையல் முடிந்ததும் சிலிண்டரை மூடுவது எங்கள் மகளின் வேலை, மூடிவிட்டு 'மூடியாச்சு' என்று கத்த வேண்டும். மாமியார் வந்திருந்தபோது சாமி விளக்கை எங்கே வைப்பது என்று பெரிய பேச்சு. கட்டிய படகில், ஆள் பக்கத்தில் இருக்கும்போது எண்ணெய் விளக்கு. படகு நகர்ந்தால் பேட்டரி விளக்கு. முருகன் கோபிக்கமாட்டார் என்று அவரே முடிவு சொன்னார்.

அட்டைப் பெட்டி எதையும் படகுக்குள் ஏற்றாதீர்கள். கரப்பான் முட்டை அதன் மடிப்பில்தான் வரும். மெத்தைக்கு அடியில் காற்றுப் போக மரச்சட்டம் போடுங்கள். நாங்கள் போடாமல் விட்டு, இரண்டே மாதத்தில் மெத்தையின் அடிப்பக்கம் கரும்பூசணம் பிடித்தது.

சரி, கக்கூஸ்

கையால் அடிக்கிற பம்பு. கடல் தண்ணீரை உள்ளே இழுத்து, போனதைக் கழிவுத் தொட்டிக்குத் தள்ளும். முடித்ததும் இருபது முறை அடிக்க வேண்டும். ஐந்தோடு நிறுத்தினால் குழாயிலேயே தங்கி, நாளாக ஆகக் கல்லாகப் படிந்து குழாய் சுருங்கிவிடும். வாரம் ஒரு முறை வினிகர் ஊற்றி ஒரு ராத்திரி விடுங்கள். வாயில் போட்டு மென்று விழுங்கியதைத் தவிர வேறு எதுவும் அதற்குள் போகக்கூடாது. காகிதம்கூடக் குப்பைக் கூடைக்குத்தான். இதை மகனுக்கு மூன்று நாள் பாடம் எடுத்தேன். நாலாம் நாள் பம்பு இறுகியது. வீட்டுக்காரர் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் கழற்றினார். உள்ளே பொம்மைக் காரின் சக்கரம் ஒன்று. மென்று பார்த்தானாம், முடியவில்லையாம். மாற்று ரப்பர் வால்வு இரண்டு எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும்.

படகின் அடியில் உள்ள ஓட்டைகளையும் அன்றே எண்ணிவிடுங்கள். கக்கூஸ், தொட்டி, எஞ்சின் என்று எங்கள் படகில் ஒன்பது. ஒவ்வொன்றுக்கும் ஒரு அடைப்பு வால்வு உண்டு. அதன் பக்கத்திலேயே கூம்பு வடிவ மரக்கட்டை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்க விடுங்கள். குழாய் பிய்த்துக்கொண்டால் அதை அடித்து ஓட்டையை அடைக்கலாம். ஒன்பதும் எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளுக்கும் தெரிய வேண்டும்.

பிள்ளைகள்

படகைச் சுற்றி இருக்கும் கம்பி வேலியில் வலை கட்டினோம். படியேறி வெளியே வந்தால் மிதவைச் சட்டை, மரினா நடைமேடைக்கும் சேர்த்து. நடுக்கடலைவிட எனக்கு அந்த நடைமேடைதான் பயம். படகுக்கும் மேடைக்கும் நடுவில் விழுந்தால் ஏறப் பிடி இருக்காது. உடுப்போடு தண்ணீரில் குதித்து, மல்லாந்து மிதந்து, ஏணியைத் தேடிப் பிடிக்கத் தெரியும் வரை விதிவிலக்கு இல்லை. மகளுக்கு ஒரு மாதம் ஆனது, மகனுக்கு ஒரு வருடம். படுக்கை ஓரத்தில் தூளி மாதிரித் துணித் தடுப்புக் கட்டினால் படகு சாய்ந்தாலும் உருளமாட்டார்கள்.

பள்ளிக்கூடத்தை முதலிலேயே முடிவு செய்யுங்கள். மலேசியாவில் ஆரம்பக் கல்வி 2003 முதல் கட்டாயம். வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுக்க அமைச்சின் அனுமதி வேண்டும். நாங்கள் சுலபமான வழியை எடுத்தோம். லங்காவியில் தமிழ்ப்பள்ளி இருக்கிறது. பள்ளி நாட்களில் மரினாவில் கட்டியிருப்போம், விடுமுறையில்தான் கிளம்புவோம். ரெபாக் தீவு மரினா அழகுதான், ஆனால் பெரிய தீவுக்குப் போக ஒவ்வொரு முறையும் படகு பிடிக்க வேண்டும். பள்ளிப் பையோடு அது நடக்காது.

கயிற்றை அவிழ்த்தபின்

முதல் வெளிப் பயணம் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். தாயாங் புந்திங் தீவுப் பக்கம் போய் நங்கூரம் போட்டு, ஒரு ராத்திரி தங்கிப் பாருங்கள். இங்கே சேறுதான், நங்கூரம் நன்றாகப் பிடிக்கும், சங்கிலி போதுமான நீளம் இருந்தால். அந்தக் கணக்கில்தான் கோட்டை விட்டோம். தண்ணீர் ஆழம் 4 மீட்டர் என்று கருவி காட்டியது. ஆழத்தைப் போல ஐந்து மடங்கு சங்கிலி, 20 மீட்டர் என்று விட்டோம். நாங்கள் போனது கடல் வற்றியிருந்த நேரம். ஏற்றத்தில் இன்னும் 3 மீட்டர் ஏறும், படகின் மூக்கு தண்ணீருக்கு மேலே 1 மீட்டர். கூட்டினால் 8, ஐந்து மடங்கு 40. விடிகாலை நாலு மணிக்கு மேற்கே மின்னிக்கொண்டு சுமத்ராக் காற்று என்கிற திடீர்ப் புயல் வந்தது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை இது எந்த ராத்திரியும் வரலாம். பத்து நிமிஷத்தில் நங்கூரம் இழுபட்டுப் பக்கத்துப் படகின் பின்புறம் வரை போய்விட்டோம். வீட்டுக்காரர் எஞ்சினைப் போட்டு எதிர்காற்றில் பிடித்துக்கொண்டிருக்க, நான் மழையில் குனிந்து மிச்சச் சங்கிலியை விட்டேன். பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இப்போது ஃபோனில் நங்கூர அலாரம் வைக்காமல் யாரும் படுப்பதில்லை.

டிசம்பர் முதல் மார்ச் வரை இங்கே வானம் காய்ந்திருக்கும். முதல் நீண்ட பயணத்தை அப்போது வைத்துக்கொள்ளுங்கள். பினாங்கு சுமார் 60 கடல் மைல். மணிக்கு 5 மைல் போனால் பன்னிரண்டு மணி நேரம். விடியும் முன் கிளம்புங்கள், முன்னால் ஒருவர் விளக்கோடு நிற்கட்டும். இருட்டில் மீன் வலை ப்ரொப்பெல்லரில் சுற்றினால் எஞ்சின் நின்றுவிடும், கத்தியோடு கீழே குதிக்க வேண்டியதுதான். ஃபெர்ரி ஒன்று வேகமாகக் கடந்தால் அலையைப் படகின் மூக்கால் வாங்குங்கள், பக்கவாட்டில் வாங்காதீர்கள். கிளம்பும் முன் மாவுச் சட்டியின் மூடியைக் கட்டியாச்சா என்றும் பாருங்கள். நாங்கள் பார்க்கவில்லை, இட்லி மாவைக் கடல் வரைபடம் விரிக்கும் மேசையிலிருந்து ஒரு வாரம் சுரண்டினோம்.